முப்பத்தைந்து வருடம் நடித்தாரா அப்பா?

கேள்வி:

டாக்டர், என் அப்பாவுக்கு 61 வயது. தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசாதவர். அடுத்தவர் பணத்தில் ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் ராத்திரி தூங்காமல் கணக்குப் பார்ப்பார். மூன்று வருடமாக ஆளே மாறிவிட்டார். அண்ணாச்சி கடையில் கடலை மிட்டாய் பாக்கெட்டை எடுத்து, அங்கேயே பிரித்துத் தின்றுவிட்டு, காசு கொடுக்காமல் வருகிறார். முன்பு இனிப்பையே தொட மாட்டார். இப்போது எடை எட்டு கிலோ கூடிவிட்டது. பக்கத்து வீட்டு மருமகளைப் பார்த்து அசிங்கமாக ஒரு வார்த்தை சொல்ல, அவர்கள் வீட்டு ஆண்கள் அடிக்க வந்துவிட்டார்கள். இரண்டே நாளில், அவர்கள் நிற்கும்போதே, அதே வார்த்தையை மறுபடியும் சொன்னார். என் அத்தை, அவருடைய சொந்தத் தங்கை, மாரடைப்பில் இறந்து கிடக்க, "சாப்பாடு எப்போ போடுவாங்க?" என்று கேட்டார். சொட்டுக் கண்ணீர் இல்லை. அதற்காக அம்மா அழுதபோது, "உன்னை எனக்குப் பிடிச்சதே இல்ல. எங்கப்பா சொன்னாருன்னுதான் கட்டினேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அம்மா அவரிடம் பேசுவதில்லை. சமைத்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறார். "முப்பத்தஞ்சு வருஷமா என்கூட நடிச்சிருக்கார். இப்பத்தான் நெசமான குணம் வெளிய வருது" என்கிறார். தம்பியோ "ரிட்டயர் ஆனதும் கொழுப்பு ஏறிடுச்சு" என்கிறான். அப்பாவுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறது, சங்கத்துப் பழைய உறுப்பினர் எண்களைக்கூடச் சொல்கிறார். ஒரு டாக்டர் ஞாபகசக்தி டெஸ்ட் வைத்துப் பார்த்து நார்மல் என்றார். அப்படியானால் அம்மா சொல்வதுதான் சரியா? நான் இத்தனை நாள் பார்த்த அப்பா நிஜமா, இப்போது பார்ப்பவர் நிஜமா? எனக்கும் இப்படி வருமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகி)

பதில்:

சகோதரி, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இனிப்பே தொடாதவர் இப்போது மிட்டாய் தேடுகிறார், எடை கூடிவிட்டது என்று. கெட்ட வார்த்தைக்கும் சாவு வீட்டில் கேட்ட கேள்விக்கும் முன்னால் உங்களுக்கு அது சின்ன விஷயம். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நடித்துக்கொண்டிருந்த ஒருவர் வேஷத்தைக் கலைத்தால் மனைவியைத் திட்டலாம், உறவினரை அவமானப்படுத்தலாம். அறுபது வயதில் திடீரென்று கடலை மிட்டாய்ப் பைத்தியம் பிடிக்காது.

கடிதத்தை வைத்து நோயின் பெயரை முடிவு செய்வது முறையில்லை. ஆனால் எதைச் சந்தேகிக்கிறேன் என்று சொல்லாமல் விடுவது அதைவிடத் தப்பு. மூளையின் நெற்றிப் பகுதியும் பொட்டுப் பக்கத்துப் பகுதியும் மெல்ல மெல்லச் சுருங்குகிற ஒரு நோய் உண்டு. ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா என்று பெயர், சுருக்கமாக எஃப்டிடி. இப்படிப்பட்ட ஒரு நோயாளியை 1892லேயே பிராக் நகரத்து மருத்துவர் ஆர்னால்ட் பிக் விவரித்து எழுதியிருக்கிறார். ஆனாலும் ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு இந்த நோய் என்று அவர் குடும்பம் 2023 பிப்ரவரியில் அறிவித்த பிறகுதான் நம் ஊரில் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள். அல்ஸைமர் நோய் பெரும்பாலும் ஞாபகத்தில் கை வைக்கும். எஃப்டிடியில் நடத்தை மாறுகிற வகை முதலில் கை வைப்பது வேறு இடத்தில். கூச்சம் போகும். அடுத்தவர் வலி உறைக்காது. ஒன்றிலும் அக்கறை இருக்காது. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். சாப்பாட்டு ருசி மாறி இனிப்பு கேட்கும். திட்டமிட்டு ஒரு வேலையை முடிக்கிற திறமை தேயும். ஆரம்ப வருடங்களில் ஞாபகம் பெரிதாகக் கெடாது. அதனால்தான் உறுப்பினர் எண் எல்லாம் சரியாக வருகிறது, ஞாபக டெஸ்ட்டும் நார்மலாக வந்திருக்கிறது. அந்த டெஸ்ட் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டியது வேறு கேள்வி, அவ்வளவுதான்.

வயதும் ஒத்துப்போகிறது. இந்த நோய் பெரும்பாலும் 45க்கும் 65க்கும் இடையில் தொடங்கும். "இந்த வயசுல என்ன மறதி நோய்" என்று வீட்டார் ஒதுக்கிவிடுவார்கள். ஓய்வு பெற்ற சமயத்தோடு சேர்ந்து வந்தால், உங்கள் தம்பி மாதிரி கொழுப்பு என்பார்கள். சிலர் செய்வினை என்பார்கள். சில நோயாளிகள் மனச்சோர்வு மாத்திரையைப் பல மாதம் விழுங்கிய பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் வந்து சேருகிறார்கள்.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். அது மருத்துவக் கேள்வி இல்லை. நோய் என்றே வைத்துக்கொண்டாலும், நோய் ஒரு மூடியைத்தான் திறந்தது, உள்ளே இருந்ததுதானே வெளியே வந்தது என்று அம்மா நினைக்கிறார். அவர் மட்டுமில்லை, நாம் எல்லாருமே அப்படித்தான் நினைத்துப் பழகியிருக்கிறோம். கோபத்தில் வந்த வார்த்தைதான் மனதில் இருந்தது என்கிறோம். குடித்தவன் பொய் சொல்ல மாட்டான் என்கிறோம். கட்டுப்பாடு இல்லாமல் வருவது நிஜம், கட்டுப்பாட்டோடு வருவது நடிப்பு என்று எங்கேயோ முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பத்திரமாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு பஸ், ஒருநாள் பிரேக் பிடிக்காமல் ஓடினால், "இதுதான் இந்த பஸ்ஸின் உண்மையான வேகம், இத்தனை வருடம் மறைத்து வைத்திருந்தது" என்று யாராவது சொல்வோமா? பிரேக்கும் பஸ்ஸோடு சேர்ந்ததுதான். மனிதனுக்கும் அப்படியே. ஒரு எண்ணம் தோன்றுவதும் மூளையில்தான் நடக்கிறது. "இதைச் சொன்னால் அவளுக்கு வலிக்கும், வேண்டாம்" என்று அதை ஓரம் தள்ளுவதும் அதே மூளையில்தான் நடக்கிறது. முதலாவது மட்டும் அவர், இரண்டாவது அவர் இல்லை என்று பிரிக்க எந்த நியாயமும் இல்லை. சொல்லப்போனால் தோன்றுகிற எண்ணத்தில் அவருடைய பங்கு குறைவு, அது யாருக்கும் எதுவாகவும் தோன்றும். எதை வெளியே விடுவது, எதை விழுங்குவது என்பதில்தான் ஆள் தெரிவார். எஃப்டிடி முதலில் அரிப்பது அந்த இடத்தைத்தான்.

பார்க்கின்சன் என்ற நடுக்க நோய்க்குத் தரும் மாத்திரைகளில் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் என்று இரண்டு உண்டு. அவற்றைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குச் சூதாட்ட வெறி வந்துவிடும், சிலர் தேவையில்லாத பொருளை வாங்கிக் குவிப்பார்கள். வாழ்க்கையில் சீட்டுக்கட்டைத் தொடாத மனிதர் லாட்டரி, ஆன்லைன் ரம்மி என்று பணத்தைத் தொலைப்பார். மருத்துவர் மாத்திரையைக் குறைத்தோ நிறுத்தியோ பார்த்தால் பெரும்பாலும் அந்த வெறி அடங்கிவிடும். இதில் எது அவருடைய நிஜக் குணம்? எத்தனை மில்லிகிராமில் அது இருந்தது? (அப்பா கை நடுக்கத்துக்கோ, ராத்திரி காலில் வரும் உளைச்சலுக்கோ இப்படி ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்த்து, இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.)

எங்கள் படிப்பில் எல்லா மாணவர்களுக்கும் சொல்லித்தரும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவண்டிஷ் என்ற ஊர்ப் பக்கம் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கிறார்கள். அங்கே மேஸ்திரி ஃபினியாஸ் கேஜ், வயது 25. துளையில் வெடிமருந்தை இடிக்கும்போது பொறி பறந்து வெடித்துவிட்டது. ஒரு மீட்டருக்கு மேல் நீளம், ஆறு கிலோ எடை உள்ள இரும்புக் கம்பி அவர் இடது கன்னத்தின் கீழே புகுந்து மண்டையின் உச்சி வழியாக வெளியே போய் விழுந்தது. ஆள் சாகவில்லை. பேசினார், நடந்தார். ஆனால் பொறுப்பான மேஸ்திரி என்று பெயரெடுத்தவர் பொறுமை இல்லாமல், கண்டபடி பேசிக்கொண்டு, எந்தத் திட்டத்திலும் நிலைக்காமல் ஆனார் என்று அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ 1868இல் எழுதினார். "இவர் பழைய கேஜ் இல்லை" என்று நண்பர்கள் சொன்னார்களாம். கவனியுங்கள், "இதுதான் உண்மையான கேஜ்" என்று அவர்கள் சொல்லவில்லை. மண்டையில் கம்பி போன வழி கண்ணுக்குத் தெரிந்தது. உங்கள் அப்பா விஷயத்தில் கம்பி தெரியவில்லை. அதனால்தான் அம்மாவுக்கு இத்தனை வேதனை.

அந்தக் கதையின் பின்பாதியைப் பாடப்புத்தகங்கள் பல காலம் சொல்லாமல் விட்டுவிட்டன. கேஜ் பிறகு தென் அமெரிக்காவில் சிலி நாட்டுக்குப் போய், பல வருடம் குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டி ஓட்டினார். தினமும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வேலை. அப்படி ஓர் ஒழுங்குக்குள் அவரால் ஓரளவு நன்றாகவே வாழ முடிந்திருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடைசியில் வலிப்பு வந்து 1860இல் இறந்தார். கேஜுக்குப் பட்டது காயம், அது அங்கேயே நின்றுவிட்டது. எஃப்டிடி நாளுக்கு நாள் முன்னேறுவது. அதனால் இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். ஆனால் அந்த ஒழுங்கு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

அம்மாவின் வாதத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. இதே எஃப்டிடி வந்த சிலர், அதுவரை தூரிகையைத் தொடாதவர்கள், திடீரென்று ஓயாமல் ஓவியம் வரையத் தொடங்கியிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் புரூஸ் மில்லர் என்ற நரம்பியல் மருத்துவர் 1990களில் இதைப் பதிவு செய்தார். அப்பா கெட்ட வார்த்தை பேசாமல் படம் வரைய ஆரம்பித்திருந்தால், வீட்டில் என்ன சொல்லியிருப்பீர்கள்? "பாவம், சங்கத்து வேலையில இந்தத் திறமை அமுங்கியே போச்சு" என்றிருப்பீர்கள். அதையும் அவருடைய நிஜம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். இருபது வருடம் குடித்த ஒருவர் குடியை விட்டால், "அவர் அடிப்படையில நல்ல மனுஷன்" என்கிறோம். அங்கே கட்டுப்பாடு வந்தது நிஜமாகிவிடுகிறது. உங்கள் வீட்டில் கட்டுப்பாடு போனது நிஜமாகிவிடுகிறது. அவரவர் மனநிலைக்கு ஏற்ப ஒன்றை நிஜம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம் என்பதைத் தவிர இதில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

2015இல் அமெரிக்காவில் நினா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கோல்ஸ் என்ற இருவர் மூளை, நரம்பு நோய் வந்தவர்களின் குடும்பத்தாரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். அல்ஸைமர், எஃப்டிடி, தசைகளை முடக்கும் ஏஎல்எஸ் என்று மூன்று வகை நோயாளிகளின் வீட்டார். "இவர் இன்னும் அதே ஆள்தானா?" என்பதைச் சுற்றித்தான் கேள்விகள். ஞாபகம் போனதால் மட்டும் ஆள் மாறிவிட்டதாக வீட்டார் பெரிதாக நினைக்கவில்லை. உடம்பு முடங்கிப் போனவர்களின் வீட்டிலும் "அவர் அவராகத்தான் இருக்கிறார்" என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. நேர்மை, இரக்கம், விசுவாசம் மாதிரியான குணங்கள் மாறிய வீடுகளில்தான் "இது யாரோ" என்ற உணர்வு வந்தது. எஃப்டிடி குடும்பங்கள்தான் அதை அதிகமாகச் சொன்னார்கள். உங்கள் அம்மா மாடியில் உட்கார்ந்து அனுபவிப்பதும் இதுதான். அவர் கல்நெஞ்சக்காரி இல்லை. பெயர் மறந்துபோகிற கணவரை அவர் தூக்கிச் சுமந்திருப்பார்.

அப்படியென்றால் மனிதரின் நிஜக் குணம் தெரியவே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். என்னிடம் தம்பதிகள் வரும்போது நான் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "இவர் யார் முன்னால் அடக்கிக்கொள்கிறார்?" பகல் முழுக்க மேலதிகாரியிடம் "சரிங்க சார், சரிங்க சார்" என்று நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தூக்கி எறிகிறவருக்கு பிரேக் நன்றாக வேலை செய்கிறது. எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் விடுகிறார். போதையில் மனைவியை அடிக்கிறவர் அதே போதையில் தெரு முனையில் நிற்கும் ரவுடியிடம் கையை ஓங்குவதில்லை, பார்த்திருக்கிறீர்களா? அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வித்தியாசத்தில் இருக்கிறது, போதையில் அவர் உளறிய வார்த்தைகளில் இல்லை.

உங்கள் அப்பாவின் நடத்தையை இதில் வைத்துப் பாருங்கள். அடிக்க வந்த ஆண்கள் எதிரே நிற்க, அதே வார்த்தையை மறுபடி சொல்லியிருக்கிறார். தனக்கு லாபமா நஷ்டமா என்ற கணக்குக்கூட இல்லை. தெரிந்தே கொட்டம் அடிக்கிறவர் இப்படிச் செய்ய மாட்டார். (ஒரு எச்சரிக்கை: டாக்டர் அறையில், பத்து நிமிடம், யாரும் சீண்டாத இடத்தில் இந்த நோயாளிகள் பல பேர் தங்கமாகப் பேசுவார்கள். அதைப் பார்த்து "பாத்தியா, வேணும்னுதான் பண்றார்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.)

இப்போது அந்த ஒரு வாக்கியம். "எங்கப்பா சொன்னாருன்னுதான் கட்டினேன்." இதை நான் மழுப்பப் போவதில்லை. இது உண்மையாகவே இருக்கலாம். 1990 வாக்கில் நம் ஊரில் கல்யாணம் செய்துகொண்ட ஆண்களில் அப்பா சொல்லாமல் கட்டியவர்கள் எத்தனை பேர்? உங்கள் அம்மாவும் அவருடைய அப்பா சொல்லித்தான் கழுத்தை நீட்டியிருப்பார். "பிடித்ததே இல்லை" என்பது வேறு. அது எப்போதோ ஒருநாள் கோபத்தில் ஓடிய எண்ணமாக இருக்கலாம், நோய் அந்த நிமிடத்தில் இட்டுக்கட்டியதாகவும் இருக்கலாம், கண்டுபிடிக்க வழியில்லை. வாதத்துக்காக, அப்படி ஒரு எண்ணம் ஆரம்பத்தில் அவருக்கு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதை ஒருநாளும் வாய் திறந்து சொல்லாமல், முகத்தில் காட்டாமல், முப்பத்தைந்து வருடம் ஒரு பெண்ணோடு மரியாதையாக வாழ்ந்திருக்கிறாரே, அதை நடிப்பு என்று எப்படிச் சொல்வது? யாரும் பார்க்காத வீட்டுக்குள், கைதட்ட ஆளில்லாமல், காய்ச்சலிலும் பணக்கஷ்டத்திலும் பிள்ளைகள் பிறந்த வீட்டின் குழப்பத்திலும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் அந்த மனிதர் அப்படிப்பட்டவர் என்றுதான் அர்த்தம். அடுத்தவர் பணத்தில் ஒரு ரூபாய் கூடினாலும் தூங்காமல் கணக்குப் பார்த்தவரும் அதே ஆள்தான். நீங்கள் பார்த்த அப்பா நிஜம்.

இப்போது இருப்பவரும் பொய்யில்லை. அவருக்குப் பசிக்கிறது, இனிப்பு பிடிக்கிறது, எரிச்சல் வருகிறது. ஆனால் இந்த மூன்று வருடத்தைக் கொண்டுபோய் பழைய முப்பத்தைந்து வருடத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். அவ்வளவுதான் நான் சொல்வது.

அம்மாவிடம் இதையெல்லாம் நீங்கள் வாதாடி ஜெயிக்க முடியாது, வேண்டவும் வேண்டாம். ஸ்கேன் எடுத்த பிறகு, படத்தில் நெற்றிப் பக்கம் சுருங்கியிருந்தால் அதை டாக்டரே அவருக்குக் காட்டிச் சொல்லட்டும். சொல்லிக் கேட்காத பலர் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு கொஞ்சம் இளகுவார்கள். இளகவில்லை என்றாலும் அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். நோய் என்று தெரிந்துவிட்டால் காதில் விழுந்த வார்த்தை விழாமல் போய்விடாது. மன்னிக்கச் சொல்லியும் நெருக்காதீர்கள். அவருக்கு இப்போது தேவை ஓய்வு. மாதத்தில் சில நாட்கள் உங்கள் வீட்டில் வந்து தூங்கட்டும், அந்த நாட்களில் தம்பி அப்பாவோடு இருக்கட்டும். கொழுப்பா நோயா என்று தம்பிக்குப் புரிய, நான்கு நாள் முழுதாக அவரோடு இருப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மருத்துவம் பற்றி. நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் பிரிவு இருக்கும். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இப்படிப்பட்ட நோய்களுக்கென்று தனி கிளினிக் நடக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு டிமென்ஷியா குடும்பங்களோடு வேலை செய்கிறது. போவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த மாற்றம் எப்போது முதலில் கண்ணில் பட்டது, அதற்கு முன் அவர் எப்படி இருந்தார். வீட்டில் அவர் நடந்துகொள்வதை ஒன்றிரண்டு சின்ன வீடியோவாக எடுத்து டாக்டருக்கு மட்டும் காட்டுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னால் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சண்டைக்கு வருவார். அதுவும் பொய் இல்லை, தன்னிடம் வந்த மாற்றம் தனக்கே தெரியாமல் போவது இந்த நோயின் ஒரு கூறு. அதனால் முதலில் நீங்கள் தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.

தலைக்கு எம்ஆர்ஐ, தைராய்டு, பி12, சோடியம், சர்க்கரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்க்கச் சொல்வார்கள். கடைசியில் சொன்னதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், மூளையைத் தாக்கும் பழைய தொற்று இப்படியும் காட்டும் என்பதால் உலகம் முழுக்கப் பார்ப்பதுதான். இந்தப் பரிசோதனைகளை நான் வற்புறுத்தக் காரணம், எஃப்டிடி மாதிரியே வேஷம் போடும் வேறு நோய்கள் உண்டு, அவற்றில் சிலதைச் சரிசெய்ய முடியும். நெற்றிப் பகுதியில் மெதுவாக வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் இல்லாதது, ஆபரேஷனில் எடுக்கலாம். எப்போதோ விழுந்ததில் மூளைக்கு மேலே தேங்கிய ரத்தம், தைராய்டு குறைவு, அறுபதில் முதல்முறையாக வரும் மனநோய் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு.

எஃப்டிடி என்றே உறுதியானால், அதை நிறுத்துகிற மருந்து இன்று இல்லை. இனிப்பு வெறி, படபடப்பு, திரும்பத் திரும்பச் செய்வது போன்றவற்றைக் குறைக்க சில மனச்சோர்வு மாத்திரைகள் உதவும். அல்ஸைமருக்குத் தரும் டோனிபெசில் மாத்திரை இதில் பலன் தருவதில்லை, சிலருக்கு எரிச்சலைக் கூட்டிவிடும். யாராவது எழுதிக்கொடுத்தால் எதற்கு என்று கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றில் அவசரமானது வண்டி. அவர் டூவீலர் ஓட்டுகிறார் என்றால் இன்றே சாவியை எடுத்துவிடுங்கள். "ரிப்பேருக்குப் போயிருக்கு" என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். வாதம் எதிலும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம், அது போய்ச் சேர வேண்டிய இடம்தான் பழுதாகியிருக்கிறது. அண்ணாச்சி கடையில் ஒரு கணக்கு வைத்து முன்பணம் கொடுத்துவிடுங்கள், அப்பா எடுத்ததை அண்ணாச்சி எழுதிவைக்கட்டும். பக்கத்து வீட்டில் நீங்களே போய், "அப்பாவுக்கு மூளையில பிரச்சினை, டாக்டர்கிட்ட காட்டப் போறோம்" என்று சொல்லி அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேளுங்கள். நோய் என்பதால் அவள் பட்ட அவமானம் இல்லை என்றாகிவிடாது.

கேஜின் குதிரை வண்டியைச் சொன்னேன் அல்லவா, அந்த மாதிரி ஓர் ஒழுங்கு வேண்டும். எழுந்திருப்பது, நடப்பது, குளிப்பது, டிவி, சாப்பாடு எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். பழைய ரசீதுகளை அடுக்குவது, எண்களைப் பார்த்து எழுதுவது போல அவர் கைக்குப் பழகிய ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பலருக்கு இது மாத்திரையைவிட வேலை செய்கிறது.

பண விஷயத்தில் தாமதிக்காதீர்கள். சங்கச் செயலாளராக இருந்தவர், ஊரில் ஜாமீன் கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தால் இப்போது யோசிக்காமல் போட்டுவிடுவார். போனில் பணம் அனுப்பும் வசதிக்கு வரம்பு வையுங்கள், டெபாசிட்டில் அம்மா பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். "பவர் எழுதி வாங்கிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் நம் நாட்டுச் சட்டப்படி அந்தப் பவர் செல்லாமல் போய்விடும். அதனால் சீக்கிரமாக ஒரு வக்கீலைப் பார்த்து, என்ன வழி இருக்கிறது என்று கேளுங்கள்.

உங்களுக்கு வருமா? இந்த நோய் வந்த பெரும்பாலோரின் பிள்ளைகளுக்கு நேரடியாக இறங்குவதில்லை. சில குடும்பங்களில் மட்டும் ஒரு மரபணு மாற்றம் தலைமுறைகளாக வரும், அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அத்தை இறந்தது மாரடைப்பில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தா, பெரியப்பா, சித்தப்பா வழியில் யாருக்காவது ஐம்பது அறுபது வயதில் புத்தி பேதலித்தது என்றோ, கை கால் மெலிந்து பேச்சு குழறி ஓரிரு வருடத்தில் இறந்தார் என்றோ பேச்சு உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மரபணு ஆலோசனைக்கு அனுப்புவார். இல்லையென்றால் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடுவில் தாங்க முடியாமல் போகும் நாட்களில் அம்மாவோ நீங்களோ 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். முதியோருக்கான 14567 எண்ணும் இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்கும்போது பிலிமோடு சிடியையும் கேட்டு வாங்கிவிடுங்கள், வேறொரு டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.